அரசடி வீட்டார் லண்டன்: ஈஸ்ட்ஹாம் வீட்டு நோட்டிஸ்

பெரிய மாமா: எல்லோருக்கும் வணக்கம். 2026 மே முதலாம் திகதிக்குப் பிறகு இங்கிலாந்தில் வாடகைக்கு இருப்பவர்களை வீட்டைவிட்டு எழுப்பவே முடியாதாம். கோயிலில் இன்று முழுக்க இதே கதைதான். இந்தக் கிழமையே ஈஸ்ட்ஹாம் வீட்டுக்கு நோட்டிஸ் அனுப்பப் போகிறேன். வதனி, அந்த ஃபோர்ம் எங்கே எடுக்கலாம்?

மலர் சித்தி: யாருக்கு? மூன்று பிள்ளைகளோடு இருக்கிறாளே, அவளுக்கா?

பெரிய மாமா: ஓம்.

மலர் சித்தி: ஐயோ அண்ணை

வதனி: மாமா, அவசரப்பட வேண்டாம். கோயிலில் சொன்னது பாதிதான் சரி. மே 1 இலிருந்து போவது செக்‌ஷன் 21. காரணம் எதுவும் சொல்லாமல் இரண்டு மாத நோட்டிஸில் எழுப்பும் வழி, 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. காரணம் இருந்தால் இனியும் வீட்டைத் திரும்ப எடுக்கலாம். விற்கப் போகிறீர்கள், அல்லது கோபி அங்கே குடிபோகிறான் என்றால் நான்கு மாத நோட்டிஸ். மூன்று மாத வாடகை நின்றால் நான்கு கிழமை.

கோபி: நான் ஏன் ஈஸ்ட்ஹாமுக்கு?

ரூபி மாமி: முதலில் கல்யாணத்துக்கு ஓம் சொல்லட்டும்

கோபி: அம்மா, இது குடும்பக் குழு

பெரிய மாமா: விளையாட வேண்டாம். மோட்கேஜ் வட்டி ஏறிவிட்டது. அந்த வட்டியை வாடகை வருமானத்தில் கழிக்கவும் விடுகிறார்கள் இல்லை. 2020 இலிருந்து 20 வீத வரிச் சலுகை மட்டும்தான். இவள் மாதம் 250 பவுண்ஸ் குறைத்துத்தான் அனுப்புகிறாள். நான் தர்மசத்திரமா நடத்துகிறேன்?

வதனி: அவள் வேண்டுமென்று குறைக்கவில்லை மாமா. யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசாங்க உதவிப் பணத்தில் வாடகைக்குத் தரும் காசுக்கு ஒரு வரம்பு உண்டு. 2020 இலிருந்து நான்கு வருடம் அதை ஏற்றவே இல்லை. 2024 ஏப்ரலில் ஒருமுறை ஏற்றினார்கள், அந்தப் பகுதியில் மலிவான 30 வீத வீடுகளில் ஒன்றை எடுக்கக்கூடிய அளவுக்கு. அத்தோடு திரும்பவும் நிறுத்திவிட்டார்கள். போன வருடம் நீங்கள் வாடகையை ஏற்றினீர்கள், அவளுக்கு வரும் காசு ஏறவில்லை. இதற்கு மேல், உழைப்பு குறைந்த குடும்பம் எடுக்கும் மொத்த உதவிக்கும் ஒரு உச்சம் வைத்திருக்கிறார்கள். லண்டனில் அது 2023 இலிருந்து மாறாமல் வருடத்துக்கு 25,323 பவுண்ஸ்தான். பிள்ளைகளின் சாப்பாட்டுக் காசை எடுத்துத்தான் அவள் உங்களுக்கு மிச்சத்தைத் தருகிறாள்.

நிஷான்: அக்கா சொல்வது சரி மாமா

மலர் சித்தி: ஞாயிறு ஆட்டைத் திவசத்துக்கு வடை யார் செய்வது? மண்டபத்துக்குக் காசு கட்டியாச்சா?

ரூபி மாமி: வடை கடையில் சொல்லியாச்சு

மலர் சித்தி: அம்மாவின் திவசத்துக்குக் கடை வடையா

பெரிய மாமா: மலர், அது பிறகு.

நிஷான்: மாமா, நானும் வாடகைக்குத்தான் இருக்கிறேன். ஹரோவில் ஆறு மாத வாடகையை முன்பே வாங்கிக்கொண்டுதான் சாவி தந்தார்கள். மே 1க்குப் பிறகு எழுதும் ஒப்பந்தத்தில் ஒரு மாதத்துக்கு மேல் கேட்க முடியாது. வாடகை ஏற்றுவதும் வருடத்துக்கு ஒருமுறைதான், இரண்டு மாதம் முன்பே சொல்ல வேண்டும். எங்களுக்கு இது பெரிய நிம்மதி.

பெரிய மாமா: நீ உழைக்கிறாய். அவள் பெனிஃபிட்டில் இருக்கிறாள்.

மலர் சித்தி: 91 இல் நாங்கள் எல்லோரும் அந்த மேல் அறையில் இருந்தபோது வாடகை எங்கிருந்து வந்தது அண்ணை? கவுன்சில் காசு.

பெரிய மாமா: அப்போது அது நேரே வீட்டுக்காரருக்குப் போனது.

வதனி: இப்போதும் கேட்கலாம் மாமா. இரண்டு மாத வாடகை அளவுக்குப் பாக்கி சேர்ந்தால், உங்களுக்கு நேரே தரும்படி நீங்களே விண்ணப்பிக்கலாம். நோட்டிஸ் கொடுத்தாலும் அவள் உடனே போகப்போவதில்லை. கோர்ட் முடிந்து, வீட்டைக் காலி செய்விக்கும் பெய்லிஃப் வரும்வரை இரு என்றுதான் கவுன்சிலில் பெரும்பாலும் சொல்வார்கள். முன்பே வெளிக்கிட்டால் தானாக வீட்டை விட்டவள் என்று எழுதிவிடக்கூடும். பிறகு மூன்று பிள்ளைகளோடு ஒரு தற்காலிக அறை, சிலவேளை லண்டனுக்கு வெளியே. வேலையில் நான் தினமும் பார்ப்பது இதைத்தான். மற்றது, ஈஸ்ட்ஹாம் இருக்கும் நியூஹாமில் வாடகைக்கு விடக் கவுன்சில் லைசென்ஸ் வேண்டும். அது இல்லாவிட்டால் செக்‌ஷன் 21 நோட்டிஸ் செல்லாது. உங்களிடம் இருக்குத்தானே?

வதனி: மாமா?

ரூபி மாமி: 2023 இல் ஏதோ கடிதம் வந்தது. மேசை லாச்சிக்குள் இருக்கும்

பெரிய மாமா: பார்க்கிறேன்.

மலர் சித்தி: அந்த வீடு வாங்கக் கட்டிய டிப்பொசிட்டில் என் சீட்டுக் காசும் இருக்கிறது. அந்த உரிமையில் சொல்கிறேன், அவளை எழுப்ப வேண்டாம்.

பெரிய மாமா: 98 இல் எடுத்த சீட்டை இன்னும் விடமாட்டாய்.

நிஷான்: அவளோடு பேசினீர்களா மாமா?

பெரிய மாமா: ஏஜென்ட்தான் பேசுவான்.

வதனி: சனிக்கிழமை நான் கூட வருகிறேன். வாடகைப் பற்றாக்குறைக்குக் கவுன்சிலில் தனியாக உதவி கேட்கலாம், நான் நிரப்பிக் கொடுக்கிறேன்.

பெரிய மாமா: சனி காருக்கு எம்.ஓ.டி. சோதனை. திவசம் முடிய யோசிப்போம். எதற்கும் ஃபோர்மை அனுப்பி வை.

வதனி: முதலில் லைசென்ஸைத் தேடுங்கள் மாமா.

மலர் சித்தி: உளுந்து நான் ஊறப்போடுகிறேன்

ரூபி மாமி: கடையில் நூறு சொல்லியாச்சு மலர்