உளவு நாவல், அறிவியல் திரில்லர்: யாருக்குக் கொடுத்தீர்கள், என்ன ஆச்சு?

ஈரோட்டுக்காரன்:
ஆகஸ்ட்டில் நடக்கும் நம்ம ஈரோடு புத்தகத் திருவிழாதான். பக்கத்தில் நின்ற பையன், "அண்ணா, உளவுக் கதைல நல்லதா ஒண்ணு சொல்லுங்க" என்றான். ஃபோர்சைத்தின் 'தி டே ஆஃப் தி ஜாக்கல்' எடுத்துக் கொடுத்தேன். 1971-ல் வந்தது, பிரெஞ்சு அதிபர் டி கோலைக் கொல்ல ஒருவனைக் கூலிக்குப் பிடிக்கிறார்கள் என்று சொல்லும்போதே போனில் தேடிவிட்டான். "அவரு 1970-ல வீட்லதானுங்ணா செத்திருக்காரு. அப்புறம் கதைல என்ன இருக்கு?" புத்தகத்தை அடுக்கில் வைத்துவிட்டுக் கூட்டத்தில் கலந்துவிட்டான். அந்தக் கேள்வி இன்னும் மண்டையைக் குடைகிறது. செத்துப்போன ஒரு குழந்தையின் பிறப்புச் சான்றிதழை வைத்து அந்தக் கூலிக் கொலைகாரன் பாஸ்போர்ட் வாங்குவானே, அந்தப் பக்கங்களில் டி கோல் பிழைப்பாரா என்பது யாருக்கு ஞாபகம் வரும்?

அவிநாசி வாசகி:
அம்மாவுக்கு ராஜேஷ்குமார் என்றால் உயிர், கோயமுத்தூர்க்காரர் என்ற பாசம் வேறு. ஜீனோ என்ற இயந்திர நாய் வரும் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' கொடுத்தேன். "நாய் பேசுமாமா? எனக்கு வேண்டாங் கண்ணு" என்று தள்ளிவிட்டார். மறுநாள் நான் பனியன் கம்பெனியிலிருந்து வந்தால், தண்ணி காட்டாமல் எருமை கத்திக்கொண்டிருக்கிறது. அம்மா திண்ணையில் புத்தகமும் கையுமாக. தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "ஜீனோவை ஏதாச்சும் பண்ணீருவாங்களா? அதை மட்டும் சொல்லீரு." நான் சொல்லவில்லை. ராத்திரி வரைக்கும் என்னோடு பேச்சே இல்லை.

கோபி:
ஈரோட்டு அண்ணா, பையன் கேட்டதில் தப்பில்லைங்க. வரலாற்றில் ஆரம்பித்தால் போனைத்தான் எடுப்பான். எனக்கு நூலகத்தில் ஒருத்தர் மைக்கேல் கிரைட்டனின் 'தி ஆண்ட்ரொமெடா ஸ்ட்ரெய்ன்' கொடுத்தார். "ஊரே செத்துக் கிடக்குது. ஒரு குடிகாரக் கிழவனும் கைக்குழந்தையும் மட்டும் பிழைச்சிருக்காங்க. ஏன்னு சொல்லு பார்ப்போம்" என்றார். அவ்வளவுதான், கடைசி பஸ்ஸை விட்டேன்.

அதனால் சொல்கிறேன், புதிதாக வருகிறவருக்கு உளவு நாவல் எழுதிய ஜான் லெ காரேவை எடுத்தவுடனே கொடுக்காதீங்க. 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்' (1963) அவர் பிரிட்டிஷ் உளவுத்துறையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியது. துரத்தலை எதிர்பார்த்து வருகிறவர் ஏமாந்து போவார். ஆட்கள் உட்கார்ந்து பேசுவார்கள், பேச்சிலேயே கழுத்து அறுபடும். கிரைட்டனில் ஆரம்பிங்க, மருத்துவம் படித்தவர். அந்தக் கதையில் கிருமியை ஆராயப் பூமிக்கடியில் ஐந்து அடுக்கு ஆய்வகம், அடுக்குக்கு அடுக்கு ஆளைச் சுத்தம் செய்து இறக்குவார்கள். இழுவை என்று சிலர் அதைத் தாண்டிப் படிப்பார்கள். தாண்டக் கூடாது, கிருமி மேல் பயம் ஏறுவதே அங்கேதான். ஆங்கிலம் ஓடாதவருக்கு சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' கொடுங்க. பேயா விஞ்ஞானமா என்று வக்கீல்கள் கணேஷும் வசந்தும் முட்டி மோதுவது போதும்.

பொள்ளாச்சி:
கோபி அண்ணா, லெ காரேவைப் பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆளைப் பார்த்துக் கொடுக்கணும். எங்கள் வீதியில் ஓய்வு பெற்ற போலீஸ்காரர் ஒருத்தர், ஆங்கில நாவல் பக்கமே போகாதவர். அவருக்கு அதே புத்தகத்தைத்தான் கொடுத்தேன். கடைசியில் பெர்லின் சுவர்ப் பக்கம் என்ன நடக்கிறது என்று இங்கே சொல்ல மாட்டேன். படித்து முடித்து என் கடைக்கு வந்து புத்தகத்தை மேஜைமேல் வைத்தார். "இப்படித்தான் தம்பி, வேலை முடிஞ்சா ஆளைக் கைகழுவி உட்ருவாங்க" என்றார். டீ சொன்னேன், வேண்டாமென்று போய்விட்டார். யாரை நினைத்துச் சொன்னார் என்று எனக்கு இன்னும் தெரியாது.

இப்போது அதே ஆள் எழுதினது வேற இருக்கா என்று பேரனை அனுப்பியிருக்கிறார். 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' இருக்கிறது, ஆனால் பெயர்கள் நிறைய. கொடுக்கலாமா?