ஆண்டுக்கணக்கில் நின்று பூக்கும் செடிகள்: எதை எங்கே நடுவது?

கேள்வி:
வணக்கம். பருவத்துக்குப் பருவம் நாற்று நடும் வேலையைக் குறைத்துக்கொண்டு, ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் நின்று பூக்கும் செடிகளை வைக்க எண்ணுகிறேன். மதிற்சுவரை ஒட்டி நாள் முழுவதும் வெயில் விழும். மரத்தடியில் காலை வெயில் மட்டுமே உண்டு. ஏற்கெனவே உள்ள காகிதப்பூ, கொடியும் இலையுமாகத் தழைக்கிறதே தவிரப் பூப்பதில்லை.

மறுமொழி 1:
வெயில் பகுதிக்குச் செம்பருத்தியும் மல்லிகையும் ஏற்றவை. அரளியும் அங்கே நன்றாக வரும், வறட்சியையும் தாங்கும். ஆனால் அதன் எல்லாப் பாகங்களும் நஞ்சு என்பதால், சிறு குழந்தைகளோ கால்நடைகளோ நடமாடும் இடமென்றால் நான் பரிந்துரைக்க மாட்டேன். மரத்தடிக்கு நந்தியாவட்டை போதும்.

இட்லிப்பூவையும் மரத்தடியில் வைக்கலாம். சுவரோரம் மட்டும் வேண்டாம். சுவர் எழுப்பும்போது சிந்திய சிமென்ட்டும் சுண்ணாம்பும் மண்ணைக் காரமாக்கிவிட்டால், வேரால் இரும்புச்சத்தை எடுத்துக்கொள்ள இயலாமல், நரம்பு பச்சையாகவே இருக்க, இளம் இலை மஞ்சளாகிவிடும்.

மறுமொழி 2:
உங்கள் காகிதப்பூவுக்குக் கவனிப்பு கூடிவிட்டது என்றே தோன்றுகிறது! தண்ணீரும் தழைச்சத்து மிகுந்த உரமும் தாராளமாகக் கிடைக்கும் வரை அது இலை விடுவதிலேயே முனைப்பாக இருக்கும். உரத்தை நிறுத்திவிட்டு, மேல்மண் நன்கு காய்ந்து இலை லேசாகத் துவளத் தொடங்கிய பிறகு நீர் விடுங்கள். நீண்ட கொடிகளைக் கவாத்து செய்தால் பக்கக்கிளைகள் வெடிக்கும். பூ அந்தப் புதுத் தளிர்களில்தான் வரும். மல்லிகையும் செம்பருத்தியும் அப்படியே. வெட்டத் தயங்குகிறவர்களின் செடிகளில் உயரம் கூடுமே தவிரப் பூ கூடாது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. சுவரோரம் செவ்வந்தியும் நடலாமா? அங்கே இரவு முழுவதும் விளக்கு எரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுமொழி 3:
அந்த விளக்கு இருக்கும் வரை வேண்டாம். பெரும்பாலான செவ்வந்தி வகைகள், இரவு நீண்டு இடையில் வெளிச்சம் படாமல் இருந்தால்தான் மொட்டு வைக்கும். விளக்கொளி விழாத, ஆனால் பகலில் நல்ல வெயிலுள்ள மூலை இருந்தால் அங்கே நடுங்கள். பூத்து ஓய்ந்ததும் தண்டை அடியோடு ஒட்ட வெட்டிவிட்டால், தூரிலிருந்து பக்கக்கன்றுகள் கிளம்பும். அவற்றை வேரோடு பிரித்து நட்டு அடுத்த பருவத்துக்கு வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும் என்பதால், பாத்தியைச் சற்று மேடாக அமையுங்கள்.