ஹெர்மீஸ் கப்பலுக்குச் சாதாரணக் காற்றில் இறங்கலாமா?

கடலோடி:
மட்டக்களப்புக்கு அப்பால் ஏறத்தாழ 53 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் ஹெர்மீஸ் விமானந்தாங்கிக் கப்பலைப் பார்க்க ஹீலியம் கலந்த வாயு கட்டாயம், சாதாரணக் காற்றில் இறங்குவது தற்கொலைக்குச் சமம் என்று இங்கே சிலர் எழுதிவருவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த ஆழத்தில் மொத்த அழுத்தம் 6.3 பார் (கடல்மட்டத்தில் ஏறத்தாழ 1 பார்), அதில் காற்றிலுள்ள ஆக்சிஜனின் பங்கு 1.32 பார்தான், ஆக்சிஜன் நஞ்சாகாமல் இருக்க வைக்கும் வழக்கமான 1.4 என்ற வரம்புக்குள் அது அடங்கிவிடுகிறது. ஹீலியம் பரவலாவதற்கு முன் ஒரு தலைமுறையே காற்றை நம்பித்தான் இத்தகைய ஆழங்களுக்குச் சென்று திரும்பியது. அதிலும் வெப்பமண்டலக் கடலில் மூச்சுக்குக் காற்றைத் தரும் ரெகுலேட்டர் உறைந்துபோகும் என்ற பயமே இல்லை. ஹீலியம் எளிதில் கிடைக்காத கரைகளில் இப்படி விதி வகுத்தால், நிதானமும் பல ஆண்டுப் பழக்கமும் உள்ளவர்களுக்குக்கூட அந்தக் கப்பல் எட்டாக்கனியாகிவிடும்.

நங்கூரம்:
நண்பர் கடலோடி அவர்களே, ஆக்சிஜன் கணக்கில் பிழையில்லை. நான் அஞ்சுவது காற்றின் அடர்த்தியை. 53 மீட்டரில் காற்று லிட்டருக்கு 8 கிராம் அளவுக்குக் கனத்துவிடுகிறது, 5.2 கிராமுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், 6.2-ஐத் தாண்டவே தாண்டாதீர்கள் என்பதுதான் மூழ்குநர்களுக்கு இன்று தரப்படும் பரிந்துரை. அவ்வளவு கனத்த வாயுவை இழுத்து விடுவதற்குள் நுரையீரல் களைத்து, கரியமில வாயு உடலிலேயே தங்கிவிடுகிறது. ஆழத்தில் நைட்ரஜன் தரும் போதை போன்ற மயக்கத்தை அது மேலும் கூட்டுகிறது. 18 விழுக்காடு ஆக்சிஜனும் 45 விழுக்காடு ஹீலியமும் மீதி நைட்ரஜனும் உள்ள டிரைமிக்ஸ் என்ற கலவையில் அதே ஆழத்தில் அடர்த்தி சுமார் 5 கிராம்தான்.

வேறொரு கப்பலில், 50 மீட்டரில், காற்றோடு இருந்தபோது, சிலிண்டரில் எவ்வளவு மீதம் என்று காட்டும் அழுத்தமானியைப் பார்த்தேன். முள் 90-இல் நின்றது. எண் தெளிவாகத் தெரிந்தது. 100-க்கு இறங்கியதும் திரும்ப வேண்டும் என்று படகில் நானே சொல்லியிருந்தது மட்டும் நினைவுக்கு வரவில்லை. துணைக்கு வந்தவர் என் மணிக்கட்டைப் பிடித்துக் ‘மேலே போகலாம்’ என்று கட்டைவிரலால் சைகை காட்டிய பிறகுதான் கிளம்பினேன். எனக்கும் பல ஆண்டுப் பழக்கம் இருந்தது, ஐயா. குளிர்ந்து கலங்கிய நீர் இறங்கும்போதே மிரட்டும்; வெதுவெதுப்பான தெளிந்த நீரோ தாலாட்டும்.

கடலோடி:
உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். அடர்த்தியை நான் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டிரைமிக்ஸ் என்றால் பெரும்பாலும் மேலேறும்போது மாற்றிக்கொள்ள வேறு கலவைகளையும் தனிச் சிலிண்டர்களில் சுமக்க வேண்டியிருக்கிறது. உடலில் கரைந்த வாயு வெளியேறுவதற்காக வழியில் காத்திருக்கும் ஆழம் குறைந்த நிறுத்தங்களுக்கென வைத்த ஆக்சிஜன் மிகுந்த வாயுவைத் தவறுதலாக அடியில் வாயில் வைத்துவிட்டால் வலிப்பு வந்து மூழ்கிப்போக நேரும். அரைகுறைப் பயிற்சியோடு அந்தச் சிக்கலுக்குள் நுழைபவரைவிட, எளிய கருவியோடு, கப்பலுக்கு உள்ளே போகாமல் திரும்புபவர் பாதுகாப்பானவர் என்றே இன்னமும் கருதுகிறேன்.

வலம்புரி:
எந்த வாயு என்பதற்கு முன் எவ்வளவு வாயு என்று கேட்க வேண்டும். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவருக்கு அங்கே 126 லிட்டர் தேவை. 200 பாருக்கு நிரப்பிய 12 லிட்டர் சிலிண்டரில் இருப்பது 2,400 லிட்டர்; 19 நிமிடத்தில் அது முழுவதும் தீர்ந்துவிடும். மேலேறுவதற்கும், அழுத்த நீக்க நிறுத்தங்களுக்கும், துணைவருக்கு மூச்சுக் கொடுக்க நேர்ந்தால் அதற்கும் எங்கே போவது? ஆகவே கடலோடி சொல்லும் ‘எளிய கருவி’ ஒற்றைச் சிலிண்டராக இருக்கவே முடியாது. கப்பலுக்குள் நுழையக் கூடாது என்பதில் மட்டும் அவரோடு முழுமையாக உடன்படுகிறேன். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் அதை மூழ்கடித்தபோது 307 பேர் மாண்டார்கள். அங்கிருந்து ஓர் ஆணியைக்கூட எடுத்து வருவது எனக்கு ஒப்பாது.

கடலோடி:
ஒற்றைச் சிலிண்டரை நான் ஒருபோதும் சொல்லவில்லை. இரட்டைச் சிலிண்டரையே மனத்தில் வைத்து எழுதினேன், அதைத் தெளிவாகக் குறிப்பிடாதது என் பிழை. ஆனாலும் அடர்த்திக்கு உங்களிடம் இருப்பது ஹீலியம் என்ற ஒரே பதில். அது கிடைக்காத இடத்தில் என்ன செய்வது?

நங்கூரம்:
கிடைக்கும்வரை 30 மீட்டர் கப்பல்களைப் பாருங்கள்.