"மேக்குல வைரஸ் வராதுப்பா" என்றவர்கள்: பெங்களூரில் நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள்

டெர்மினல்_தாத்தா (மாரத்தஹள்ளி)

எங்கள் அலுவலகத்தில் முக்கால்வாசிப் பேர் கையில் ஆப்பிளின் மேக், மீதிப் பேருக்கு உபுண்டு லினக்ஸ், விண்டோஸ் வைத்திருப்பது கணக்குப் பிரிவு மட்டும். அதனால் ஐடி பக்கம் இருக்கிற எனக்கு வேலையே இல்லை என்று ஒரு நினைப்பு எல்லாருக்கும் உண்டு. போன மாதம் ஒரு டிசைனர் பையன் வந்து, "அண்ணா, என் மெயில்ல இருந்து நான் அனுப்பாத லிங்க் எல்லாம் போகுது" என்றான்.

விசாரித்தால், காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒரு வீடியோ எடிட்டரை இலவசமாகத் தேடியிருக்கிறான். தேடலில் மேலே வந்த பக்கம், நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிசெய்ய கட்டளை தட்டுகிற டெர்மினல் ஜன்னலைத் திறந்து இந்த வரியை ஒட்டி என்டர் தட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறது. ஒட்டிவிட்டான். உடனே பாஸ்வேர்டு கேட்டு ஒரு பெட்டி, அச்சு அசல் மேக் கேட்கிற மாதிரியே. தப்பாக அடித்தால் மறுபடி கேட்கும், சரியானது கிடைக்கிறவரை விடாது. கிடைத்ததும் மேக் பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கிற கீசெயின், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், லாகின் ஆனதை நினைவில் வைக்கிற குக்கீகள், கிரிப்டோ வாலட் இருந்தால் அதுவும், டெஸ்க்டாப்பில் கிடக்கிற கோப்புகள் வரை மூட்டை கட்டி அனுப்பிவிடும். 2023-ல் டெலிகிராமில் மாதம் ஆயிரம் டாலர் வாடகைக்கு விட்டார்களே, அட்டாமிக் ஸ்டீலர் என்ற திருட்டு மென்பொருள், அந்த வகையறா.

மேக்கின் காவலாளியான கேட்கீப்பர் என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்பீர்கள். பிரவுசர் வழியாக இறக்கிய கோப்புக்கு மேக் ஒரு குவாரன்டைன் முத்திரை குத்தும், அந்த முத்திரை இருந்தால்தான் கேட்கீப்பர் நிறுத்திக் கேள்வி கேட்கும். டெர்மினலில் கர்ல் கட்டளையில் இறக்கினால் முத்திரையே கிடையாது. முன்புற வாசலில் வாட்ச்மேன் நிற்கும்போது, வீட்டுக்காரரே கொல்லைப்புறக் கதவைத் திறந்து கூட்டிவந்த கதை. 2024-ல் வந்த செக்கோயா என்ற மேக் பதிப்பில், வலது சொடுக்கு போட்டு ஓப்பன் கொடுத்துத் தப்பிக்கிற பழைய வழியை ஆப்பிள் அடைத்துவிட்டது. அடைத்தால் என்ன, டெர்மினல் திறந்துதானே இருக்கிறது.

நெட்டைப் பிடுங்கிவிட்டு, வேறொரு கணினியிலிருந்து அவன் கணக்குகள் எல்லாவற்றிலும் லாகின் ஆகியிருக்கிற எல்லா இடத்தையும் வெளியேற்றினோம். இதை முதலில் செய்ய வேண்டும், பாஸ்வேர்டு மாற்றுவது அப்புறம். குக்கீ கையில் இருந்தால் சில தளங்களில் பாஸ்வேர்டும் தேவையில்லை, ஓடிபியும் தேவையில்லை. மேக்கை முழுக்க அழித்துப் புதிதாக நிறுவினேன். அதுவரை அவன் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "மேக்தானேண்ணா, ஒண்ணும் ஆகாதே."

உங்களுக்கு இதுபோல் வாய்த்ததைப் போடுங்கள்.

பழைய_பவர்புக் (இந்திராநகர்)

இது புதுசு இல்லை தாத்தா. 2012-ல் ஒரு விளம்பர நிறுவனத்தின் மேக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் ஃபிளாஷ்பேக் என்ற தீநிரல் வந்தது. உலகம் முழுக்க ஆறு லட்சத்துக்கும் மேல் மேக்குகள். டெர்மினலும் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம், கெட்டுப்போன ஒரு வலைத்தளத்துக்குப் போனாலே போதும், ஜாவாவில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே வந்துவிடும். ஜாவாவை வெளியிடும் ஆரக்கிள் அந்த ஓட்டையை பிப்ரவரியிலேயே அடைத்துவிட்டது. ஆனால் மேக்குக்கான ஜாவாவை அப்போது ஆப்பிள்தான் தனியாகக் கொடுக்கும், அது வந்தது ஏப்ரலில். அந்த இடைவெளியில்தான் அத்தனையும். எங்கள் அலுவலகத்திலும் அகப்பட்டது. முதலாளியிடம் சொன்னபோது, "மேக்குக்கா? நல்லாப் பார்த்துச் சொல்லுப்பா" என்று என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"பிசி வைரஸ் இதற்கு வராது" என்று ஆப்பிள் தளத்திலேயே ஒரு வரி இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? அதே 2012-ல் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். நம் ஆட்கள்தான் இன்னும் எடுக்கவில்லை.

அல்சூர்_அக்கா

என்னுடையது பெரிய கதை இல்லை, ஆனால் யாரும் இதைப் பேசுவதில்லை என்பதால் சொல்கிறேன். மச்சான் வீட்டில் லினக்ஸ் மின்ட். சிவாஜிநகரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பென்டிரைவைக் கொடுத்து ஏதோ பிரிண்ட் எடுத்து வந்திருக்கிறார். வீட்டில் செருகினால், தான் வைக்காத ஆட்டோரன் கோப்பு ஒன்று, போல்டர் பெயரிலேயே ஷார்ட்கட் கோப்புகள், நிஜப் போல்டர் எல்லாம் மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது. விண்டோஸில் கண்ணுக்குத் தெரிந்திருக்காது, லினக்ஸில் அப்படியே பல்லிளித்துக்கொண்டு நின்றது. எனக்குக் கூப்பிட்டுக் காட்டிச் சிரிக்கிறார், "பார்த்தியா, நம்ம கிட்ட இது பாச்சா பலிக்காது" என்று.

சிரித்துவிட்டு அதே பென்டிரைவை ஆடிட்டரிடம் கொடுக்கக் கிளம்பினார்! ஆடிட்டர் வைத்திருப்பது விண்டோஸ், அதில் எத்தனை பேருடைய டேலி கணக்கு இருக்குமோ. வாசலிலேயே பிடுங்கி, தேவையான கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு டிரைவை பார்மேட் செய்து கொடுத்தேன். லினக்ஸுக்கு கிளாம்ஏவி என்ற வைரஸ் தேடும் மென்பொருள் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் என் பதில். மெயில் சர்வரிலும் பைல் சர்வரிலும் அதைப் போடுவது பெரும்பாலும் எதிர்ப்பக்கம் விண்டோஸ் வைத்திருக்கிறவருக்காகத்தான். "நமக்கு ஒண்ணும் ஆகலையே" என்பது என்ன மாதிரி பேச்சு என்று எனக்குப் புரிவதே இல்லை. காய்ச்சல் விஷயத்தில் இதையே சொன்னால் சும்மா விடுவோமா?

ரூட்_ராசா (ஜெயநகர்)

கொஞ்சம் நிதானம், மக்களே. டெஸ்க்டாப் லினக்ஸ் பல வருடமாக ஓட்டுகிறேன், ஒரு வைரஸையும் கண்டதில்லை. மென்பொருளை டிஸ்ட்ரோவின், அதாவது நாம் ஓட்டுகிற லினக்ஸ் வகையின், சொந்தக் களஞ்சியத்திலிருந்து எடுக்கிறோம், ஒவ்வொன்றும் டிஜிட்டல் கையெழுத்துச் சரிபார்த்துத்தான் இறங்குகிறது. கண்ட தளத்தில் செட்டப் கோப்பு தேடி அலைகிற வேலை இல்லை. இது நிஜமான பலம், வெறும் அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். 2016 பிப்ரவரி 20 அன்று மின்டின் தளத்துக்குள்ளேயே யாரோ புகுந்து, 17.3 சின்னமன் பதிப்பின் இணைப்பை பின்கதவு வைத்த ஐஎஸ்ஓ நிறுவல் கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். அந்த வாரம் என் நண்பன் ஒருவன் அதையே இறக்கி வைத்திருந்தான். நிறுவும் முன் செய்தி வந்துவிட்டது, கோப்பின் எம்டி5 சரிபார்ப்பு எண்ணைப் பார்த்தோம், நல்லவேளை, அவனுடையது சுத்தமான பிரதி. தளத்தில் போட்டிருக்கிற எண்ணை மட்டும் ஒப்பிட்டால் போதாது, தளமே கைமாறியிருந்தால் அந்த எண்ணையும் மாற்றலாம் அல்லவா? வெளியிட்டவரின் ஜிபிஜி டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்கிற பழக்கம் எங்கள் கூட்டத்துக்கு அப்போதுதான் வந்தது.

மசால்தோசை_டெவ்ஆப்ஸ் (எச்.எஸ்.ஆர். லேஅவுட்)

ராசா, டெஸ்க்டாப்பை விடுங்கள், சர்வருக்கு வாருங்கள். அங்கே லினக்ஸ்தான் முதல் குறி.

பக்கத்துக் கட்டடத்தில் ஒரு சின்ன ஸ்டார்ட்அப், நம்ம ஊர்ப் பசங்க நாலைந்து பேர். சர்வர் ஊர்கிறது, சிபியு நூறு சதவீதத்திலேயே நிற்கிறது, வந்து பாருங்கள் ப்ரோ என்றார்கள். ஓடுகிற புராசஸ்களைக் காட்டும் டாப் கட்டளை போட்டதும் முதல் வரியில் கேடெவ்டிஎம்பிஎஃப்எஸ்ஐ. லினக்ஸின் உள்மையமான கெர்னலின் சொந்தப் புராசஸ் மாதிரியே பெயர், நிஜத்தில் மொனேரோ என்ற கிரிப்டோ நாணயம் தோண்டுகிற மைனர். கொன்றால் கொஞ்ச நேரத்தில் மறுபடி எழுந்து உட்காரும், ஏனென்றால் கின்சிங் என்று இன்னொன்று பின்னால் இருந்து அதைக் கண்காணித்துக்கொண்டே இருக்கிறது. பசங்க டெம்ப் போல்டரில் இருந்த கோப்பை அழித்து அழித்து ஓய்ந்து போயிருந்தார்கள்.

எப்படி வந்தது? மென்பொருளைத் தனித்தனிப் பெட்டியில் (கன்டெய்னரில்) ஓட்டுகிற டாக்கரில் ரெடிஸ் என்ற தரவுத்தளம், அதன் 6379 போர்ட்டை (நெட்வொர்க் வாசலை) வெளியே திறந்து வைத்திருக்கிறார்கள், பாஸ்வேர்டு இல்லை. ரெடிஸுக்கென்று ஒரு பாதுகாப்பு முறை உண்டு, பாஸ்வேர்டு இல்லாவிட்டால் வெளியாள் யாரையும் சேர்க்காது. ஆனால் அதிகாரபூர்வ டாக்கர் இமேஜில், மற்ற கன்டெய்னர்கள் பேச வசதியாக, அது அணைத்தே வருகிறது. "யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால்ல அடைச்சிருக்கோமே ப்ரோ" என்று ஸ்டேட்டஸ் போட்டும் காட்டினார்கள். காட்டியது உண்மைதான். அதைத்தான் நானும் நிறைய நேரம் உட்கார்ந்து விளக்க வேண்டியிருந்தது: போர்ட்டை வெளியிடச் சொன்னால் டாக்கர் ஐபிடேபிள்ஸ் என்ற லினக்ஸ் விதிப்பட்டியலில் தானே விதி எழுதிக்கொள்ளும், யுஎஃப்டபிள்யூ போட்ட தடை அந்தப் பாதையில் குறுக்கே வருவதே இல்லை. தடுக்க வேண்டுமானால் அந்தக் கணினிக்குள் மட்டுமே செல்லும் 127.0.0.1 முகவரிக்கு மட்டும் கட்ட வேண்டும், அல்லது போர்ட்டையே வெளியிடக் கூடாது.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, டாக்கர் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. யார் படிக்கிறார்கள்? ஒரு பயிற்சி வீடியோவில் இருந்த வரியை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். சர்வரை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுப்பினோம், அதில் இருந்த எல்லாச் சாவிகளையும் மாற்றினோம். அப்புறம் ஞாபகப்படுத்தினேன், 2022 உத்தரவுப்படி இதை ஆறு மணி நேரத்துக்குள் அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று. "மைனர்தானே ப்ரோ, டேட்டா போகலையே" என்றார்கள். டேட்டா போகவில்லை என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? ரெடிஸுக்குள் வந்தவனுக்கு அதில் இருந்தது எல்லாம் திறந்த புத்தகம்.

பொருளாளர்_மாமா (ஒயிட்ஃபீல்ட்)

எனக்கு இந்தக் கட்டளை எல்லாம் தெரியாது. எங்கள் அடுக்ககத்து சிசிடிவி பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். எஸ்.பி. ரோட்டில் வாங்கினது. மாட்டிக் கொடுத்த பையனிடம் என் மகள் ஃபோனில் சொல்லச் சொன்னாள், பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றச் சொல்லுங்கள் அப்பா என்று. அவன், "ஏனூ ஆகல்ல சார், மாத்தினா நீங்கதான் மறந்துட்டு என்னைக் கூப்பிடுவீங்க" என்றான். அந்தப் பெட்டிக்குள்ளும் லினக்ஸ்தான் ஓடுகிறதாம். 2016-ல் மிராய் என்று ஒன்று இப்படித் தொழிற்சாலைப் பாஸ்வேர்டோடு கிடந்த கேமராக்களையும் ரௌட்டர்களையும் சேர்த்துக்கொண்டு, அக்டோபர் 21 அன்று வலைத்தளப் பெயர்களுக்கு முகவரி காட்டிக் கொடுக்கிற டின் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பல பேருக்குத் திறக்கவில்லை என்று மகள் சொன்னாள். அணைத்துப் போட்டால் அது போய்விடுமாம், ஏனென்றால் நினைவகத்தில் மட்டும்தான் இருக்கிறது. பாஸ்வேர்டை மாற்றாவிட்டால் சில நிமிடத்தில் திரும்ப வந்துவிடுமாம். அவனை உட்கார வைத்து மாற்ற வைத்தேன். அசோசியேஷன் நோட்டில் எழுதிப் பீரோவில் பூட்டியிருக்கிறேன்.

மசால்தோசை_டெவ்ஆப்ஸ்

மாமா, நோட்டில் எழுதியது ரொம்பச் சரி. அந்தப் பெட்டியை வெளியே இருந்து பார்க்க ரௌட்டரில் போர்ட் திறந்திருக்கிறார்களா என்றும் மகளிடம் கேட்கச் சொல்லுங்கள்.

பிஜி_மூணாவது_மாடி (பிடிஎம்)

நான் நெல்லைப் பக்கம். பள்ளியில் அரசு கொடுத்த லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது, அப்படித்தான் லினக்ஸ் பழக்கம். இப்போது அறையில் நாங்கள் எல்லாருமே வேலை தேடுகிறவர்கள்.

அறைத் தோழனுக்கு ஒரு வெளிநாட்டு நிறுவனம் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் மெசேஜ் செய்தார். சம்பளம் கேட்டால் தலை சுற்றும். இன்டர்வியூவின் ஒரு பகுதியாக ஒரு நோட்.ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட்) புராஜெக்ட், அதை இறக்கி, அதற்கு வேண்டியவற்றை நிறுவ என்பிஎம் இன்ஸ்டால் போட்டு, ஓடவிட்டு, ஒரு பிழையைத் திருத்த வேண்டும். அழைப்பு நடக்கும்போதே ஸ்கிரீன் ஷேர் செய்து ஓடவிடச் சொல்லி அவசரப்படுத்தினார். தோழன் இரண்டு மனதாக என்னைப் பார்த்தான். வேலை இல்லாதவனுக்கு அந்த நேரத்தில் மறுக்க எவ்வளவு தைரியம் வேண்டும் என்பது வேலை தேடியவர்களுக்குத்தான் தெரியும். நெட் போய்விட்டது என்று அழைப்பைத் துண்டித்துவிட்டு, ஓடவிடாமல் எடிட்டரில் திறந்து கோப்பு கோப்பாகப் பார்த்தோம். எல்லாம் சாதாரணமாகத்தான் இருந்தது. ஒரே ஒரு கோப்பில் மட்டும் கீழே இருக்கிற நகர்த்துப் பட்டை எறும்பு அளவு சுருங்கியிருந்தது. வலப்பக்கம் இழுத்துக்கொண்டே போனால், நூற்றுக்கணக்கான வெற்றிடங்களுக்கு அப்பால், படிக்கவே முடியாதபடி குழப்பி எழுதிய ஒரே வரி.

அப்புறம்தான் தேடிப் படித்தோம். வட கொரியாவோடு தொடர்புபடுத்தப்படும் கூட்டம் ஒன்று இதே முறையில் டெவலப்பர்களைப் பிடிப்பதாக 2023-லேயே எழுதியிருக்கிறார்கள். முதலில் ஜாவாஸ்கிரிப்ட், அடுத்து பைத்தான். இரண்டும் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், என்ன வைத்திருக்கிறாய் என்றே அதற்குக் கவலையில்லை. ரூட் (நிர்வாகி) அனுமதியும் கேட்காது. பிரவுசர் பாஸ்வேர்டும் சர்வருக்குள் நுழைகிற எஸ்எஸ்ஹெச் சாவியும் நம் சொந்த ஹோம் போல்டரில்தானே கிடக்கின்றன, ரூட் எதற்கு?

தோழன், உங்கள் புராஜெக்டை விர்ச்சுவல் மெஷினில் ஓட்டிக் காட்டட்டுமா என்று அவருக்கு மரியாதையாக எழுதினான். பார்த்ததற்கான இரண்டு நீல டிக் விழுந்தது, அதோடு அந்தக் கணக்கே காணாமல் போய்விட்டது. சைபர் கிரைம் தளத்தில் புகார் பதிந்திருக்கிறோம், பணம் போகவில்லை என்பதால் பண மோசடிக்கான 1930 உதவி எண்ணைக் கூப்பிடவில்லை. அந்தப் புராஜெக்ட் இருந்த ரெப்போ முகவரியை மட்டும் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். பதிலுக்கு, இதே ஆள் தனக்கும் எழுதியதாக இரண்டு ஜூனியர்கள் சொன்னார்கள். அதில் ஒருத்தி ஏற்கெனவே ஓடவிட்டிருக்கிறாள், அவள் வைத்திருப்பது மேக். தாத்தா, நீங்கள் சொன்ன வரிசைப்படி லாகின்களை வெளியேற்றச் சொல்லியிருக்கிறேன். நிரல் சேமிக்கிற கிட் சாவி, கிளவுட் சாவி எல்லாம் எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று கொஞ்சம் சொல்லுங்களேன், அவள் காத்திருக்கிறாள்.

டெர்மினல்_தாத்தா

முதலில் அந்த மேக்கில் எதையும் தட்ட வேண்டாம், நெட்டைத் துண்டிக்கச் சொல்லுங்கள். வேறு கணினியில் மெயில், அடுத்து கிட், அடுத்து கிளவுட். பழைய எஸ்எஸ்ஹெச் சாவியை நீக்கிய பிறகுதான் புதியது, அதையும் அந்த மேக்கில் உருவாக்கக் கூடாது. நம்பர் தனிச்செய்தியில் அனுப்புகிறேன், கூப்பிடச் சொல்லுங்கள்.