தக்காளி எப்போது இத்தாலிக்காரன் ஆனது?

பசித்தவன்: பாஸ்தா, தக்காளி, ஆலிவ் எண்ணெய், மூன்றும் ஆதி காலத்திலிருந்தே இத்தாலிச் சமையலின் உயிர். அந்த மண்ணும் வெயிலும் கொடுத்த ருசி, வெளியிலிருந்து வந்ததில்லை.

உப்புக்கல்: எண்ணெய் வரைக்கும் சரி. தக்காளி அமெரிக்கச் செடி ஐயா. 1548இல் பீசாவில் பிளாரன்ஸை ஆண்ட கோசிமோ டி மெடிச்சி வீட்டுக்கு ஒரு கூடை வந்து சேர்ந்ததாகக் குறிப்பு இருக்கிறது, ஆனால் அடுப்பேற நாளாயிற்று. 1690களில் நேப்பிள்ஸில் அந்தோனியோ லத்தீனி என்பவர் அச்சிட்ட சமையல் புத்தகத்தில் தக்காளி சாஸ் வருகிறது, அதற்கும் 'ஸ்பானிய முறை' என்றுதான் பெயர், பாஸ்தா பக்கமே போகவில்லை. வெர்மிசெல்லியும் தக்காளியும் சேர்ந்த குறிப்பை இப்போலிட்டோ காவல்கான்டி என்ற சமையல் நூலாசிரியர் 1839இல்தான் தருகிறார். முன்பெல்லாம் பாஸ்தாவுக்குச் சீஸ், வசதியான வீடென்றால் சர்க்கரையும் பட்டையும். (கிட்டத்தட்ட நம் சேமியா பாயசம்!)

பசித்தவன்: எப்போது வந்தது என்று சொல்லிவிட்டீர்கள், ஏன் நிலைத்தது? ருசிதானே? சிசிலியில் தக்காளிக் கூழைப் பலகையில் பரப்பி, வெயிலில் நாள் கணக்கில் கையால் புரட்டிப் புரட்டி, கருஞ்சிவப்பாக இறுகும் வரை காயவைப்பார்கள். ஸ்ட்ராட்டு என்று பெயர். பிடிக்காத பண்டத்துக்கு யார் இப்படி மெனக்கெடுவார்கள்?

வடக்குத்தெரு: இடையில் நுழைகிறேன். வடக்கே வெனெட்டோவில் மக்காச்சோளப் போலெண்டா நிலைத்தது ருசியாலா? விளைந்த கோதுமை விற்பனைக்கும் நிலக்காரருக்கும் போனது, உழுதவனுக்கு வேளாவேளைக்குச் சோளக்களி. மெக்சிகோவில் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைப்பார்கள். இத்தாலிக்கு விதை வந்தது, பக்குவம் வரவில்லை. நியாசின் சத்துக் கிடைக்காமல் பெலாக்ரா நோய் வந்து, தோல் உரிந்து, புத்தி பேதலித்து, 19ஆம் நூற்றாண்டில் மனநலக் காப்பகங்களில் எத்தனையோ பேர் கிடந்தார்கள். இன்று அதே களிக்கு உணவகத்தில் தனி விலை.

உப்புக்கல்: அதேதான். பாஸ்தாவையே எடுங்கள். 1154இல் அல் இத்ரீசி என்ற அரபுப் புவியியலாளர் சிசிலியின் திராபியாவில் செய்து கப்பலேற்றுவதாக எழுதியிருக்கிறார், ஆனால் நேப்பிள்ஸ் ஏழைகளுக்கு அப்போது அது சோறில்லை. அவர்களுக்கு 'இலைதின்னிகள்' என்றே பட்டப்பெயர். 17ஆம் நூற்றாண்டில் இறைச்சி கைக்கெட்டாமல் போய், மாவை அழுத்திப் பிழியும் இயந்திரத்தால் பாஸ்தா மலிவான பிறகுதான் 'மக்கரோனிதின்னிகள்' ஆனார்கள். அப்புறம் டப்பாத் தொழிற்சாலை வந்ததும் தக்காளி வருடம் முழுக்கக் கிடைத்தது. வயிறும் விலையும்தான் ஐயா.

பசித்தவன்: மலிவுதான் காரணமென்றால் உருளைக்கிழங்கும் மலிவு, அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். அதை ஏன் இத்தாலிக்காரர்கள் பாஸ்தாவாக்கவில்லை?

வடக்குத்தெரு: உருளைக்கிழங்கை மசித்து மாவோடு உருட்டும் ஞோக்கி சாப்பிட்டதே இல்லையா நீங்கள்?