மறு: ‘ரெகுலேட்டரி கேப்சர்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம் நண்பர்களே.

நம் சொற்பட்டியலுக்காக ‘ரெகுலேட்டரி கேப்சர்’, அதாவது கண்காணிக்க வேண்டிய ஆணையமே தான் கண்காணிக்கும் நிறுவனங்களின் பக்கம் சாய்ந்துவிடுவது, என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் வந்த மடல்களையெல்லாம் படித்தேன். தனித்தனியாக எழுதினால் பேச்சு சிதறிவிடும் என்பதால் ஒரே மடலில் பதில் தருகிறேன்.

> “ஒழுங்குமுறைக் கைப்பற்றல்” போதுமே. பொருள் நேராக வந்துவிடுகிறது.

வரவில்லை ஐயா. கைப்பற்றல் என்றதும் கோட்டையும் படையும்தான் கண்முன் வரும். கைப்பற்றியவன் உள்ளே உட்கார்ந்திருப்பான், தோற்றவன் வெளியே போயிருப்பான், நடந்தது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். நாம் பெயர் தேடும் நிகழ்வில் ஆணையம் அதே கட்டடத்தில், அதே முத்திரையோடு, அதே சட்டத்தின்படி இயங்கிக்கொண்டிருக்கும். கூட்டம் நடக்கும், அறிக்கை வரும், அவ்வப்போது அபராதமும் விதிக்கப்படும். ஆனால் யாரைக் கண்காணிக்க வேண்டுமோ அவர்களுக்கு நோகாதபடியே முடிவுகள் அமையும். கைப்பற்றப்பட்டது ஒழுங்குமுறையா, ஆணையமா என்ற குழப்பமும் இதில் இருக்கிறது. விதி எழுத்து மாறாமல் அப்படியே இருக்க, அதைச் செயல்படுத்துபவர் மட்டும் மாறிப்போயிருக்கலாம்.

> இதற்குப் பெயர் ஊழல்தானே? வேலியே பயிரை மேய்கிறது என்று முன்னோர் சொல்லி வைத்திருக்கிறார்கள். புதுச்சொல் எதற்கு?

இதை விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் இந்த வேறுபாடு பிடிபடாவிட்டால் சொல்லும் சரியாக அமையாது. வேலி பயிரை மேய்ந்தால் ஆதாயம் வேலிக்கு. நாம் பேசும் வேலி எதையும் மேய்வதில்லை. மாடு வரும் பக்கம் மட்டும் திறந்து கிடக்கிறது. காசு கைமாறாமலே இது நடக்கும். அதனால்தான் லஞ்ச ஒழிப்புச் சட்டங்களின் பிடியில் சிக்குவதில்லை.

அமெரிக்காவில் ரயில் கம்பெனிகளைக் கட்டுக்குள் வைக்க 1887இல் மாநிலங்களிடை வணிக ஆணையம் உருவானது. அதை ஒழிக்கப் பார்க்கலாமா என்று ஒரு ரயில் கம்பெனித் தலைவர் கேட்டதற்கு, அத்துறையின் வழக்கறிஞரான ரிச்சர்ட் ஆல்னி 1892இல் பதில் எழுதினார். ஒழிக்காதீர்கள், பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்பதே அதன் சாரம். அரசு மேற்பார்வை வேண்டும் என்ற மக்களின் குரல் அடங்கிவிடும், மேற்பார்வையோ பெயரளவுக்குத்தான் இருக்கும், ஆணையத்துக்கு வயது ஏற ஏற அது கம்பெனிகளின் கண்ணாலேயே பார்க்கத் தொடங்கும் என்று காரணமும் சொன்னார். மறு ஆண்டு அவரே அந்நாட்டின் அட்டர்னி ஜெனரல், அதாவது அரசின் தலைமை வழக்கறிஞர், ஆனார். பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்ளர் இதை ஒரு கோட்பாடாக வகுத்தது 1971இல்தான்.

ஜப்பானின் புகுஷிமா அணுமின் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 15 மீட்டருக்கு மேல் ஆழிப்பேரலை எழக்கூடும் என்ற கணக்கு 2008இலேயே மின் நிறுவனத்தின் கையில் இருந்தது. தடுப்புச் சுவர் அதற்கேற்ப உயரவில்லை. உயர்த்தச் சொல்லியிருக்க வேண்டிய பாதுகாப்பு முகமை, அணுமின்சாரத்தை வளர்ப்பதைத் தன் வேலையாகக் கொண்ட அமைச்சகத்தின் கீழேயே இருந்தது. ஓய்வு பெறும் உயர் அதிகாரிகள் தாங்கள் மேற்பார்த்த துறையிலேயே பதவிக்குப் போகும் வழக்கத்துக்கு ஜப்பானியர் ‘அமகுதாரி’, அதாவது வானுலகிலிருந்து இறங்கி வருதல், என்று பெயரே வைத்திருக்கிறார்கள். 2011 மார்ச்சில் அலை வந்தது. 2012இல் ஜப்பான் நாடாளுமன்றத்தின் விசாரணைக் குழு இதை மனிதரால் நேர்ந்த பேரழிவு என்றது. கண்காணிப்பவருக்கும் கண்காணிக்கப்படுபவருக்கும் இடையிலான உறவு தலைகீழாகிவிட்டது என்றும் எழுதியது.

போயிங் 737 மேக்ஸ் இன்னொரு வகை. புதிய விமானத்தின் பாதுகாப்பைச் சோதித்துச் சான்று தரும் பணியில் பெரும்பகுதியை, அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் அந்த நிறுவனத்தின் ஊழியர்களிடமே ஒப்படைத்திருந்தது. விமானத்தின் மூக்கைத் தானாகவே கீழே தள்ளும் மென்பொருள் ஒன்று இருப்பதே பல விமானிகளுக்குத் தெரியாது. 2018இலும் 2019இலும் நடந்த இரண்டு விபத்துகளில் 346 பேர் இறந்தார்கள். இந்த ஏற்பாட்டைச் சட்டமே அனுமதித்திருந்தது. நுட்ப அறிவு முழுக்க ஒரு பக்கத்தில் குவிந்திருக்கும்போது மறுபக்கம் அதையே நம்பி நிற்கிறது. இதை ஊழல் என்ற சொல்லுக்குள் அடைத்தால், லஞ்சம் வாங்கியவரைத் தேடுவோம். அப்படி ஒருவர் கிடைக்கமாட்டார், விவகாரமும் அங்கேயே முடிந்துவிடும்.

> ‘வசப்பாடு’ எப்படி? கட்டுப்படு – கட்டுப்பாடு, உடன்படு – உடன்பாடு போல, வசப்படு – வசப்பாடு. “ஆணைய வசப்பாடு” என்று ஆளலாம்.

அம்மா, வந்தவற்றில் இதுதான் திசை சரியான சொல். வசப்படுதலில் வன்முறை இல்லை. வசப்பட்டவருக்கே அது தெரியாமல் இருக்கலாம் என்பதும் அதில் அடங்குகிறது. தடை ஒன்றுதான்: வகுப்பில் வாயால் சொல்லும்போது ‘வசைபாடு’ என்று காதில் விழும். அதனால் ‘வயப்பாடு’ என்று ஆக்கலாம் என்பது என் எண்ணம். உணர்ச்சிவயப்படுதல், காதல்வயப்படுதல் எல்லாம் எவருக்கும் தெரிந்தவை.

ஆனால் ‘ஆணையவயப்பாடு’ என்றால் பொருள் தலைகீழாகிவிடும். காதல்வயப்பட்டவரைக் காதல் ஆட்டிவைக்கிறது. அதுபோல ஆணையவயப்பட்டது என்றால் ஆணையம் எதையோ ஆட்டிவைக்கிறது என்றாகும். ‘வயம்’ தனக்கு முன்னால் ஆட்டிவைப்பவரின் பெயரையே எதிர்பார்க்கிறது. இந்த இலக்கணம் நமக்குப் பெரிய உதவி. ஆணையத்தை ஆட்டிவைப்பது யாரோ அவரை முன்னால் நிறுத்தினால் ‘நிறுவனவயப்பாடு’ கிடைக்கிறது. ஆட்டிவைப்பது ஆளுங்கட்சி என்றால் ‘கட்சிவயப்பாடு’. ஆங்கிலச் சொல்லில் பிடிபட்டவர் மட்டும் தெரிகிறார், பிடித்தவர் தெரிவதில்லை. நம் சொல்லில் பிடித்தவரை விட்டுவிட்டுப் பேசவே முடியாது.

> இந்தச் சொல் ‘பெருநிறுவன சமூகப் பொறுப்பு’ இயலில் ஏன் வர வேண்டும்? குறை ஆணையத்துடையது. அரசியல் இயலுக்கு நகர்த்திவிடலாம்.

இதற்கு மட்டும் நான் கண்டிப்பாக மறுப்பு சொல்வேன். நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு லாபத்தைப் பெருக்குவது மட்டுமே என்று 1970இல் பொருளியலாளர் மில்டன் ஃபிரீட்மன் வாதிட்டபோதும், ஆட்டத்தின் விதிகளுக்குள் நின்று என்ற நிபந்தனையைச் சேர்த்துத்தான் சொன்னார். அந்த விதிகளை எழுதுவதிலேயே நிறுவனத்தின் கை இருந்தால் நிபந்தனைக்கு என்ன மதிப்பு? அவரை ஏற்பவரும் மறுப்பவரும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். விதி ஒன்று தளர்ந்தால் கிடைக்கும் ஆதாயம் சில நிறுவனங்களிடம் சேர்கிறது, இழப்போ லட்சக்கணக்கானவர்களுக்குச் சிறிது சிறிதாகப் பிரிந்து போகிறது. எனவே நிறுவனம் வழக்கறிஞரையும் முன்னாள் அதிகாரியையும் அமர்த்திக்கொண்டு ஆண்டு முழுதும் ஆணையத்தின் வாசலில் நிற்கிறது. இழப்பவர் அங்கே வருவதற்கே வழியில்லை.

சமூகப் பொறுப்பு அறிக்கைகளில் மரம் நட்டதும் பள்ளிக்கு உதவியதும் பக்கம் பக்கமாக வருகின்றன. எந்த விதியைத் தளர்த்தச் சொல்லி யாரைச் சந்தித்தோம், எந்தக் கட்சிக்கு எவ்வளவு நன்கொடை தந்தோம், ஆணையத்திலிருந்து விலகிய யாரை வேலைக்கு எடுத்தோம் என்பதும் அவற்றில் இருக்க வேண்டும். கொடை கொடுப்பது நிறுவனத்தின் விருப்பம். தன்னைக் கண்காணிக்கும் ஆணையத்தை வயப்படுத்தாமல் இருப்பது அதன் கடமை. அந்த இயலில் இச்சொல் இல்லாவிட்டால், பொறுப்பு என்றால் கொடை என்றே படிப்பவர் மனத்தில் பதியும்.

அன்புடன்.

———

மறுமடல்:

> ‘தொழில்மயம்’, ‘நிறுவனமயம்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கின்றன. ‘நிறுவனவயம்’ என்றால் அச்சுப்பிழை என்று திருத்திவிடுவார்கள். அச்சகத்தில் பட்ட அனுபவத்தில் சொல்கிறேன்.

உண்மையான சிக்கல்தான் ஐயா, மெய்ப்பு பார்ப்பவர் நிச்சயம் கை வைப்பார். அதனால்தான் ‘வயம்’ என்று நிறுத்தாமல் ‘வயப்பாடு’ வரை போக வேண்டும் என்கிறேன். மயம் என்றால் ‘மயமாதல்’, வயம் என்றால் ‘வயப்படுதல்’. வினை வேறாக இருப்பதால் கண்ணுக்கும் காதுக்கும் தனித்துத் தெரியும். ‘நிறுவனமயப்பாடு’ என்று எவரும் எழுதுவதில்லை. ‘தொழில்வயப்பாடு’ என்று வைக்கலாமா என்றும் யோசித்தேன். தொழில் என்பது தொழிலாளரின் உழைப்பையும் குறிக்கும், அந்தப் பழியை அவர்கள் மேல் போடக்கூடாது.

சொற்பட்டியலுக்கு இப்படி எழுதியிருக்கிறேன், திருத்தித் தாருங்கள்:

நிறுவனவயப்பாடு: பொதுநலனுக்காக அமைந்த ஒழுங்குமுறை ஆணையம், தான் கண்காணிக்க வேண்டிய நிறுவனங்களின் நலனையும் பார்வையையும் தனதாக்கிக்கொண்டு இயங்கும் நிலை. லஞ்சம் இல்லாமலும் நேரலாம். வினை: வயப்படு, வயப்படுத்து. பெயரெச்சம்: நிறுவனவயப்பட்ட ஆணையம்.

ஆணையத்துக்கும் அது கண்காணிக்கும் நிறுவனங்களுக்கும் இடையே ஆட்கள் பதவி மாறிப் போய்வருவதைக் குறிக்கும் ‘ரிவால்விங் டோர்’ சொல்லுக்குத் தனி இழை தொடங்கலாம். ‘சுழல்கதவு’ என்பதில் எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. கதவுதான் தெரிகிறது, எந்த நாற்காலியிலிருந்து எழுந்து எந்த நாற்காலிக்குப் போகிறார் என்பது தெரியவில்லை.