துரையும் குமாஸ்தாவும் நண்பர்கள் என்றால் வாசகர் நம்புவார்களா?

பாளை வாசகி:
1908-இல் நடக்கும் நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் ஓர் ஆங்கிலேய வாத்தியார், திருநெல்வேலி டவுனில் ஒரு கச்சேரி (அரசு அலுவலக) குமாஸ்தா. இருவருக்கும் புத்தகப் பைத்தியம். படித்துப் பார்த்த தோழி, "இது நட்பு இல்லை, துரையின் தயவு" என்கிறாள். இந்த இரண்டு பேரும் எனக்கு ரொம்பப் பிரியமானவர்கள். அவர்கள் நட்பை நம்ப வைக்க என்ன செய்யலாம்?

டவுன் அண்ணாச்சி:
தங்கச்சி, யாருக்கு என்ன நஷ்டம் என்று பாருங்கள். ஃபார்ஸ்டரின் 'எ பாசேஜ் டு இந்தியா'வில் (1924) ஆங்கிலேயக் கல்லூரி முதல்வர் ஃபீல்டிங்கின் காலர் பொத்தான் உடைந்துவிடும். அவருடைய இந்திய நண்பர் டாக்டர் அசீஸ் தன் காலரில் இருந்ததையே கழற்றிக் கொடுத்துவிட்டு, கைவசம் வேறு இருந்தது என்பார். அப்புறம் அவருடைய காலர் மேலே ஏறி நிற்பதைப் பார்த்த மாஜிஸ்திரேட் ரோனி, இந்தியர்களே இப்படித்தான், எல்லாவற்றிலும் அசட்டை என்று பேசுவான். கொடுத்தவருக்குத்தான் கெட்ட பெயர்! எத்தனை தடவை படித்தாலும் எனக்கு மனசு வலிக்கும் இடம் அது. ஓர் ஆங்கிலேயப் பெண் சொன்ன பொய்யான புகாரில் அசீஸ் கைதானபோது ஃபீல்டிங் வெள்ளைக்காரர் கிளப்பையே விட்டு விலகுகிறார், உண்மைதான். ஆனால் வழக்கு முடிந்ததும் நஷ்டஈட்டை விட்டுக்கொடுக்கச் சொல்லி அசீஸிடம்தான் கேட்கிறார்.

தாமிரபரணிக்காரன்:
ஆர்வெலின் 'பர்மீஸ் டேஸ்' (1934) நாவலையும் பாருங்கள் அக்கா. டாக்டர் வீராசாமி, பேரைப் பார்த்தாலே நம்ம பக்கத்து ஆள். அவருடைய ஆங்கிலேய நண்பன் ஃபிளோரி அவர் வீட்டில் உட்கார்ந்து வெள்ளைக்கார ஆட்சியைத் திட்டுவான். டாக்டரை வெள்ளைக்காரர் கிளப்பில் சேர்க்கும் பேச்சு வந்ததும், அவரை இழிவுபடுத்தும் நோட்டீஸில் பயந்துபோய்க் கையெழுத்துப் போட்டுவிடுவான்.

உங்கள் கதைக்கு 1908 மார்ச் வசமான காலம். 12-ஆம் தேதி வ.உ.சி. கைது, மறுநாள் டவுனில் கலவரம், துப்பாக்கிச் சூடு. குமாஸ்தா ஆற்றுக்கு அந்தப் பக்கம், வாத்தியார் இந்தப் பக்கம். அன்றைக்கு வாத்தியார் சுலோசன முதலியார் பாலத்தைத் தாண்டிப் போகிறாரா? பிடிபட்ட கூட்டத்தில் குமாஸ்தாவும் இருந்தால், வாத்தியார் கோர்ட்டில் அவருக்காகச் சாட்சி சொல்வாரா?

டவுன் அண்ணாச்சி:
அதோடு, குமாஸ்தாவையும் கோபப்பட விடுங்கள் தங்கச்சி. நன்றி மட்டுமே சொல்லிக்கொண்டிருப்பவரை யாரும் நண்பர் என்று நம்ப மாட்டார்கள்.

பாளை வாசகி:
அப்படியானால் குமாஸ்தா வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனியில் 25 ரூபாய்ப் பங்கு ஒன்று ரகசியமாக வாங்கியிருக்கட்டும். அது வெளியே தெரிந்தால் வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறார். வாத்தியாரிடம் சொல்லுவாரா அண்ணாச்சி? இல்லை, அவரிடமும் மறைத்துவிடுவாரா?